அகதியின் பக்கம் நிற்கும் யூத மரபு

அந்நியரைத் துன்புறுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை யூதர்களின் மறைநூலான தோராவில் 36 இடங்களில் வருகிறது என்பது யூதச் சட்ட விளக்க நூலான தல்மூதின் கணக்கு. 46 என்று எண்ணுவோரும் உண்டு என்று அந்த நூலே கூடச் சொல்லிவிடுகிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும், இத்தனை முறை வற்புறுத்திச் சொல்லப்பட்ட கட்டளை வேறில்லை என்று யூத மத அறிஞர்களான ரபிகள் எடுத்துக்காட்டுவார்கள். கட்டளைக்குச் சொல்லப்படும் காரணமும் பல இடங்களில் ஒன்றேதான். இஸ்ரவேலர் எகிப்தில் அந்நியராகவும் அடிமைகளாகவும் வாழ்ந்தவர்கள். அந்நியரின் மனம் படும் பாடு அவர்களுக்குத் தெரியும். ஆகவே அதை இன்னொருவருக்குச் செய்யக் கூடாது. பட்ட துன்பத்தைப் பழிவாங்கும் உரிமையாக்காமல் பிறர் மீதான கடமையாக்கிய இந்தச் சிந்தனையே யூத மரபு அகதிகளுக்காகப் பேசுவதன் ஆணிவேர்.

அந்தக் கடமை வெறும் நல்லெண்ணமாக விடப்படவில்லை. அன்றைய வேளாண் வாழ்க்கையின் அன்றாடத்துக்குள் அது சட்டமாக இறக்கப்பட்டது. அறுவடையின்போது வயலின் ஓரங்களை அறுக்காமல் விட வேண்டும். கீழே சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது. மறந்து வயலிலேயே விட்டு வந்த கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. அவை அந்நியருக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியவை. கூலிக்காரர் உள்ளூர்க்காரரானாலும் வெளியூர்க்காரரானாலும் பொழுது சாய்வதற்குள் கூலி கொடுத்துவிட வேண்டும். ஏழாம் நாள் ஓய்வு அந்நியருக்கும் உண்டு. கைப்பிழையாக ஒருவரைக் கொன்றுவிட்டவர் பழிவாங்குவோரிடமிருந்து தப்பி ஓட ஆறு அடைக்கலப் பட்டணங்கள் இருந்தன. அவையும் அந்நியருக்குத் திறந்தே இருந்தன.

இவற்றுள் வியப்பூட்டும் சட்டம் ஒன்று தோராவின் ஐந்தாம் நூலான உபாகமத்தில் இருக்கிறது. எசமானிடமிருந்து தப்பி வந்த அடிமையைத் திருப்பி ஒப்படைக்கக் கூடாது. அவர் தமக்குப் பிடித்த ஊரில் குடியிருக்கலாம் என்கிறது அது. பாபிலோனிய மன்னர் அம்முராபியின் சட்டத்தொகுப்பில், தப்பியோடிய அடிமைக்கு வீட்டில் இடம் கொடுத்தவருக்கே மரண தண்டனை. அண்டை நாடுகளின் வழக்கம் அப்படி இருந்த உலகில் உபாகமத்தின் விதி எவ்வளவு துணிச்சலானது என்பது அந்த ஒப்பீட்டில் விளங்கும்.

ரூத்தின் கதையும் இந்தச் சட்டங்களின் மேல்தான் நிற்கிறது. ரூத் மோவாப் நாட்டுப் பெண். மோவாபியரைச் சபையில் சேர்க்கக் கூடாது என்று தோராவிலேயே ஒரு தடை உண்டு. கணவனை இழந்து, மாமியாருடன் பெத்லகேமுக்கு வந்த அந்தப் பெண், ஏழைக்கும் அந்நியருக்கும் என்று விடப்பட்ட கதிர்களைப் பொறுக்கித்தான் உயிர் வாழ்கிறாள். நிலத்துக்குச் சொந்தக்காரரான போவாஸ் அவளை மணக்கிறார். அவர்களுடைய வழியில் பிறந்த கொள்ளுப்பேரன்தான் தாவீது அரசர். அறுவடைத் திருநாளான ஷவூவோத்தில் இந்தக் கதை ஜெப ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. யூதர்களின் மாபெரும் அரசரின் குருதியில் ஓர் அந்நிய ஏழைப் பெண்ணின் குருதி கலந்திருக்கிறது என்பதை அந்தச் சமூகம் ஆண்டுதோறும் தனக்கே சொல்லிக்கொள்கிறது.

பஸ்கா இரவின் விருந்து இன்னும் ஆழமாக இதைச் செய்கிறது. அடிமை வாழ்வின் கசப்புக்குக் கசப்புக் கீரை, கண்ணீருக்கு உப்புநீர், அவசரமாகப் புறப்பட்டதற்குப் புளிக்காத அப்பம் என்று எகிப்திலிருந்து தப்பிய கதை உணவாகவே மேசைக்கு வருகிறது. பசித்தவர் எவராயினும் வந்து உண்ணலாம் என்ற அழைப்போடு அந்த இரவின் வாசிப்பு தொடங்குகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தாமே எகிப்தைவிட்டு வெளியேறியதாக எண்ண வேண்டும் என்பது விதி. கேள்வி கேட்டுத் தொடங்கி வைப்பது வீட்டின் கடைக்குட்டி. இப்படி நான்கைந்து வயதிலேயே தன்னை ஓர் அகதியாக எண்ணிப் பழகும் குழந்தை, வளர்ந்தபின் செய்தித்தாளில் ஒரு படகின் படத்தைப் பார்க்கும்போது அதை அடுத்தவர் கதையாக மட்டும் பார்க்க முடிவதில்லை.

ஆனால் மரபுக்குள் இதில் ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோரா பேசும் அந்நியர் யார் என்ற கேள்விக்கு, யூத மதத்தைத் தழுவியவர் என்று பல இடங்களில் பழைய ரபிகள் பொருள் கொண்டார்கள். அப்படிப் பார்த்தால் சிரியாவிலிருந்தோ ஹைட்டியிலிருந்தோ வரும் அகதிக்கு இந்தக் கட்டளை நேரடியாகப் பொருந்தாது. அறம் செய்யும்போது சொந்தக் குடும்பம், சொந்த ஊர், பிறகே மற்ற ஊர் என்ற வரிசையும் யூதச் சட்ட நூல்களில் உண்டு. மரபில் ஊன்றிய யூதர்கள் பலர் இன்றும் இதைச் சுட்டுகிறார்கள். மறுதரப்பு, யூத ஏழைகளோடு சேர்த்துப் பிற இன ஏழைகளையும் அமைதியின் பொருட்டுத் தாங்க வேண்டும் என்ற தல்மூதின் விதியைக் காட்டுகிறது. எகிப்தில் இஸ்ரவேலர் அந்நியராக இருந்தபோது அவர்கள் எகிப்தியரின் மதத்துக்கு மாறியவர்கள் அல்லவே என்ற அவர்களின் வாதம் வலுவானது; காரணத்தைப் பற்றிக்கொண்டு பார்த்தால் கட்டளையின் எல்லை தானே விரிகிறது.

கோட்பாடு ஒருபுறமிருக்க, நடைமுறையில் யூதர்களுக்கு இது நெடுங்காலம் தங்கள் சொந்த மக்களைக் காக்கும் வேலையாகவே இருந்தது. இங்கிலாந்து 1290 இல் யூதர்களை வெளியேற்றியது. ஸ்பெயின் 1492 இல் வெளியேற்றியது. கடற்கொள்ளையரிடமும் போர்ப்படைகளிடமும் சிக்கியவர்களைப் பணம் கொடுத்து மீட்பது ஒவ்வொரு யூத ஊரின் பொதுக் கடமையானது. அதற்கு மேலான அறம் இல்லை என்று எழுதிய பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ், தாமே அகதி. அல்மோகாத் ஆட்சியின் மதக் கெடுபிடியால் அவருடைய குடும்பம் ஸ்பெயினின் கோர்தோபாவைவிட்டு ஓடியது. மொராக்கோ வழியாகச் சென்று அவர் கடைசியில் எகிப்தில் வாழ்ந்தார். அங்கே, சிறைப்பட்ட யூதர்களை மீட்கப் பணம் திரட்டும் வேலையையும் முன்னின்று செய்தார்.

இந்த ஊர்க்கடமை நவீன அமைப்பாக உருமாறியது நியூயார்க்கில். ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் 1881 இல் கொல்லப்பட்டதும் யூதர்கள் மீது கலவரங்கள் வெடித்தன. அடுத்த நாற்பதாண்டுகளில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து 20 லட்சம் யூதர்களுக்கும் மேல் அமெரிக்கா சென்றார்கள். வந்து இறங்கியவர்களுக்குத் தங்க இடமும் சோறும் வேலையும் தேடித் தர, முன்னமே வந்து சேர்ந்தவர்கள் மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில் தொடங்கிய முயற்சிகளிலிருந்துதான் எபிரேயக் குடியேறிகள் உதவிச் சங்கம் வளர்ந்தது. ஹையாஸ் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அந்தச் சங்கம் தன் தொடக்க ஆண்டாக 1881 ஐயே கொள்கிறது. உலகில் இன்றும் இயங்கும் மிகப் பழைய அகதி உதவி அமைப்புகளுள் அது ஒன்று.

குடியேறிகளைப் பரிசோதித்து அனுப்பும் எல்லிஸ் தீவில் 1904 இல் ஹையாஸ் அலுவலகம் வைத்தது. கப்பலிலிருந்து இறங்கியவரிடம் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் பேசி, அதிகாரி என்ன கேட்கிறார் என்று விளக்கவே முதலில் ஆள் தேவைப்பட்டது. பின்னர் தீவிலேயே யூத உணவு விதிப்படி சமைக்கும் சமையலறை வந்தது. இவற்றையெல்லாம் விடப் பெரிய வேலை விசாரணைக் குழுக்களின் முன் நடந்தது. அரசுக்குச் சுமையாகக் கூடியவர் என்று அதிகாரி முடிவு செய்தால் வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். ஒரு கண் நோய், வெறுங்கை, திருமணமாகாத தனிப்பெண் என்ற எதுவும் அதற்குப் போதும். சங்கத்தின் ஆட்கள் உறவினரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள், பிணை கொடுத்தார்கள், மேல்முறையீடு எழுதினார்கள். கையில் 25 டாலர் இல்லாதவரை உள்ளே விடுவதில்லை என்று 1909 இல் தீவின் ஆணையர் வில்லியம் வில்லியம்ஸ் கறார் காட்டியபோது, அதை எதிர்த்து நீதிமன்றத்துக்கே போனார்கள். சோறு போடுவதோடு நின்றுவிடாமல் சட்டத்தையும் கேள்வி கேட்பது என்ற வழக்கம் அங்கே வேர்விட்டது.

அந்தக் கதவு 1924 இல் அடைபட்டது. ஜான்சன்–ரீட் சட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஒதுக்கீட்டு எண்ணிக்கையை விதித்தது. கிழக்கு, தெற்கு ஐரோப்பியர்கள் பெருமளவில் வரத் தொடங்குவதற்கு முந்தைய 1890 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வேண்டுமென்றே அளவுகோலாக எடுத்துக்கொண்டது. ஆசியர்களை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்தது. பதினைந்தே ஆண்டுகளில் இதன் விலை தெரிந்தது. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்ப முயன்ற யூதர்களைப் பற்றிப் பேச 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடின. அனுதாபம் தாராளமாகக் கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. டொமினிகன் குடியரசு ஒன்றுதான் கணிசமாகச் சிலரை ஏற்க முன்வந்தது.

அடுத்த ஆண்டு மே மாதம், செயின்ட் லூயிஸ் என்ற கப்பல் 937 பயணிகளோடு ஹாம்பர்கிலிருந்து ஹவானாவுக்குப் புறப்பட்டது. ஏறக்குறைய எல்லோரும் யூதர்கள். கியூபா 28 பேரைத் தவிர மற்றவரை இறங்கவிடவில்லை. கப்பல் ஃபுளோரிடா கரையோரமாகச் சுற்றியது. மயாமியின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்தன. அமெரிக்கா கதவைத் திறக்கவில்லை. கனடாவும் மறுத்தது. ஐரோப்பாவுக்கே திரும்பிய அந்தப் பயணிகளில் 254 பேர் பின்னர் நாஜிகளின் இன அழிப்பில் மாண்டார்கள். ஜெர்மனியிலிருந்து 20,000 குழந்தைகளை ஒதுக்கீட்டுக்கு வெளியே ஏற்கலாம் என்று அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவும் வாக்கெடுப்பைக்கூடக் காணாமல் செத்தது. இதற்கு மாறாக, பிரிட்டன் சுமார் 10,000 குழந்தைகளை, பெற்றோர் இல்லாமல் தனியாக, ரயிலிலும் கப்பலிலும் வரவழைத்துக்கொண்டது. ஒரு நாட்டின் விதிமுறையில் ஒரு வரி இருப்பதும் இல்லாததும் ஒரு குழந்தையின் உயிரைத் தீர்மானிக்கும் என்பதை யூதர்கள் கற்றது இந்த ஆண்டுகளில்தான். இன்று அகதிகளுக்காகப் பேசும் யூத அமைப்புகளின் உரைகளில் செயின்ட் லூயிஸ் கப்பல் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தப் பாடம் உலகச் சட்டமாக எழுதப்பட்டது. அகதிகள் நிலை பற்றிய 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையை உருவாக்கியவர்களில் யூதச் சட்ட அறிஞர்கள் முக்கியமானவர்கள். வியன்னாவில் பிறந்த பால் வைஸ், டாக்காவ் வதைமுகாமில் அடைபட்டு மீண்டு பிரிட்டனில் தஞ்சம் புகுந்தவர், பின்னாளில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சட்ட ஆலோசகராக இருந்தார். அமெரிக்காவின் சார்பில் வரைவுக் குழுவில் அமர்ந்த லூயிஸ் ஹென்கின், இன்றைய பெலாரஸில் பிறந்து சிறுவனாக நியூயார்க் வந்த ரபி வீட்டுப் பிள்ளை. உயிருக்கோ விடுதலைக்கோ ஆபத்து உள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற 33 ஆம் பிரிவு அந்த உடன்படிக்கையின் முதுகெலும்பு. தப்பி வந்த அடிமை பற்றிய உபாகமச் சட்டத்தோடு அதற்குள்ள ஒற்றுமை எவர் கண்ணிலும் படும். 1983 க்குப் பிறகு கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் தஞ்சம் கோரிய ஈழத் தமிழர்கள் கைக்கொண்டதும் இந்த உடன்படிக்கை தந்த உரிமையைத்தான். இந்தியா அதில் கையெழுத்திடவில்லை.

அமெரிக்காவின் ஒதுக்கீட்டுச் சட்டத்தைத் தகர்த்ததில் இமானுவேல் செல்லரின் பங்கு தனித்துச் சொல்லத்தக்கது. ஜெர்மன் யூதக் குடியேறிகளின் பேரனான இவர் புரூக்ளினிலிருந்து 1922 இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர். உறுப்பினராகி அவர் ஆற்றிய முதல் முக்கிய உரையே 1924 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிரானது. தோற்றார். ஆனால் விடவில்லை. 1946 இல் சக உறுப்பினர் கிளேர் பூத் லூசுடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த சட்டம் ஆண்டுக்கு 100 இந்தியர்கள் குடியேறவும், அங்கே இருந்த இந்தியர்கள் குடியுரிமை பெறவும் வழி திறந்தது. 1965 இல் அவர் பெயரையும் தாங்கிய ஹார்ட்–செல்லர் சட்டம் இனவாரி ஒதுக்கீட்டையே ஒழித்தது. சுதந்திர தேவி சிலையின் அடியில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அதில் கையெழுத்திட்டார். முதல் உரைக்கும் அதற்கும் இடையே நாற்பதாண்டுகளுக்கும் மேல். அந்தக் கதவு வழியாகத்தான் தமிழ்நாட்டு மருத்துவர்களும் பொறியாளர்களும் அமெரிக்கா சென்றார்கள். அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்கள் பலவற்றின் முன்கதையில் இந்தப் புரூக்ளின்காரருக்கு ஓர் இடம் உண்டு.

இதற்கிடையே ஹையாஸின் வேலை ஹங்கேரியர், செக்கர், 1975 க்குப் பின் வியட்நாமியர், கம்போடியர் என்று விரிந்தாலும், அதன் பெரும்பகுதி சோவியத் யூதர்களைச் சுற்றியே இருந்தது. வெளியேற அனுமதி கிடைத்த குடும்பங்கள் வியன்னா வழியாக ரோமுக்கு அருகிலுள்ள லாதிஸ்போலி என்ற கடலோர ஊருக்கு வந்து, விசாவுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும். கூகுளைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான செர்கேய் பிரின், ஆறு வயதுச் சிறுவனாகப் பெற்றோருடன் 1979 இல் இந்தச் சங்கத்தின் உதவியோடு அமெரிக்கா வந்தவர். சோவியத் ஒன்றியம் கலைந்து, அந்த வரவும் ஓய்ந்தபோது ஒரு கேள்வி எழுந்தது: காப்பாற்ற யூத அகதிகள் இல்லாத காலத்தில் யூத அகதிச் சங்கம் எதற்கு?

கடையை மூடியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சங்கம் வேறு முடிவெடுத்தது. முன்பு அவர்கள் யூதர் என்பதற்காக அகதிகளுக்கு உதவினோம், இனி நாம் யூதர் என்பதற்காக அகதிகளுக்கு உதவுவோம் என்ற பொருளில் அதன் தலைவராக இருந்த மார்க் ஹெட்ஃபீல்ட் சொல்லி வந்தார். சாட் நாட்டில் தார்ஃபூர் அகதிகள், கென்யாவில் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் அகதிகள், ஈக்வடோரில் கொலம்பியர் என்று பணி பரவியது. அமெரிக்காவுக்குள் யூத சபைகள் அகதிக் குடும்பங்களைப் பொறுப்பேற்றன. 2021 இல் காபூல் வீழ்ந்தபின் வந்த ஆப்கானியரில் பலர் முதலில் அறிந்த அமெரிக்கர்கள் ஜெப ஆலயத்தின் தொண்டர்களே. வாடகை வீடு பிடிப்பது, பழைய கட்டிலும் பாத்திரமும் சேகரிப்பது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, மருத்துவரிடம் கூட்டிப்போவது, எந்தப் பேருந்து எங்கே போகும் என்று காட்டுவது என்று அந்த உதவி மிகச் சாதாரணமானது. ஊர் தெரியாதவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

இந்தப் பணிக்குக் கொடுத்த விலை கொடியது. 2018 அக்டோபரில் நாடெங்கும் சில நூறு சபைகள் சபாத் எனப்படும் ஓய்வுநாள் ஒன்றை அகதிகளுக்கென ஒதுக்கி வழிபட்டன. அடுத்த வாரமே, 27 ஆம் தேதி சனிக்கிழமைக் காலை, பிட்ஸ்பர்க் நகரின் ட்ரீ ஆஃப் லைஃப் ஜெப ஆலயத்தில் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து வழிபட வந்த 11 பேரைக் கொன்றான். இறந்தவர்களில் மூத்தவருக்கு வயது 97. படையெடுத்து வருவோரை ஹையாஸ் நாட்டுக்குள் கொண்டுவருகிறது என்ற வெறுப்பைச் சற்று முன்புதான் அவன் இணையத்தில் கொட்டியிருந்தான். அங்கே வழிபட்டுவந்த மூன்று சபைகளில் ஒன்றான தோர் ஹதாஷ், அகதிகளுக்கான அந்த சபாத்தில் பங்கேற்றிருந்தது. அமெரிக்க மண்ணில் யூதர்கள் மீது நடந்த மிகக் கொடூரமான தாக்குதல் இது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக முஸ்லிம் அமைப்புகள் உடனே நிதி திரட்டின. ஹையாஸ் பின்வாங்கவில்லை, அகதிகளுக்கான சபாத் பின்னரும் நடந்தது.

நீதிமன்றப் போராட்டமும் தொடர்ந்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாட்டினரை நுழைய விடாமல் 2017 ஜனவரி 27 இல் ஜனாதிபதி டிரம்ப் இட்ட ஆணையை எதிர்த்த வழக்குகளில் ஹையாஸும் ஒரு வாதி. அந்தத் தேதி நாஜி இன அழிப்பை உலகம் நினைவுகூரும் நாள் என்பது யூதர்களை ஆழமாகக் காயப்படுத்தியது. மாற்றி எழுதப்பட்ட மூன்றாவது ஆணையை உச்ச நீதிமன்றம் 2018 இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் மாநிலமும் உள்ளூர் நிர்வாகமும் எழுத்தில் சம்மதித்தால்தான் அகதிகளைக் குடியமர்த்தலாம் என்ற 2019 ஆம் ஆண்டு ஆணையை, ஹையாஸும் இரண்டு கிறித்தவ அமைப்புகளும் தொடுத்த வழக்கில் மேரிலாந்து நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

யூதர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் நிற்கவில்லை. டிரம்பின் குடியேற்றக் கொள்கையை வடிவமைத்தவரான ஸ்டீஃபன் மில்லர் யூதர். பெலாரஸின் ஒரு சிற்றூரிலிருந்து அவருடைய தாய்வழி முன்னோர் 1903 இல் எல்லிஸ் தீவில் வந்து இறங்கியதை நினைவூட்டி, இன்றைய விதிகள் அன்று இருந்திருந்தால் குடும்பமே பிழைத்திருக்காது என்று அவருடைய தாய்மாமன் 2018 இல் வெளிப்படையாக எழுதினார். எல்லையைக் காப்பது அரசின் முதற்கடமை என்பது எதிர்த்தரப்பின் வாதம். யூத வெறுப்பு மிகுந்த நாடுகளிலிருந்து வருவோரால் யூதர்களுக்கே ஆபத்து என்ற அச்சமும் அவர்களிடம் உண்டு. அந்த அச்சத்துக்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆயினும், 1939 ஐ ஒட்டிய ஆண்டுகளில் கதவடைத்தவர்களும் வருவோருக்குள் ஒற்றர்கள் இருப்பார்கள் என்ற அச்சத்தையும் காரணமாகச் சொன்னார்கள்.

பிரிட்டனில் இந்த மரபின் முகமாக அறியப்படுபவர் ஆல்ஃப் டப்ஸ். ஆறு வயதில் பிராகிலிருந்து குழந்தைகள் ரயிலில் வந்தவர் பின்னாளில் பிரபுக்கள் அவையின் உறுப்பினரானார். ஐரோப்பாவில் துணையின்றித் தவிக்கும் அகதிக் குழந்தைகளைப் பிரிட்டன் ஏற்க வேண்டும் என்ற அவருடைய திருத்தம் 2016 இல் சட்டமானது. அரசு அதை 480 குழந்தைகளோடு முடித்துக்கொண்டது.

யூதர்களுக்கே அரசும் எல்லையும் உள்ள இஸ்ரேலில்தான் இந்த அறத்துக்கு மிகக் கடுமையான சோதனை. 1977 இல் பிரதமரான மெனாகெம் பெகின், எந்தக் கப்பலும் ஏற்றிக்கொள்ளாத 66 வியட்நாமியரை இஸ்ரேலியக் கப்பல் ஒன்று மீட்டபோது, செயின்ட் லூயிஸை நினைவுகூர்ந்து அவர்களுக்கு இடம் கொடுத்தார். 2006 முதல் சினாய் பாலைவனம் வழியாக எரித்ரியர்களும் சூடானியர்களும் பல்லாயிரம் பேர் வந்தபோது நிலைமை வேறாக இருந்தது. எல்லையில் வேலி எழுந்தது. பாலைவனத்தில் தடுப்பு முகாம் வந்தது. அகதி என்ற ஏற்பு மிகச் சிலருக்கே கிடைத்தது. 2018 இல் அவர்களை ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பும் திட்டம் வெளியானதும் ரபிகள், விமானிகள், மருத்துவர்கள், இன அழிப்பில் உயிர் பிழைத்த முதியவர்கள் எதிர்த்து எழுந்தார்கள். அகதிகளைத் தங்கள் வீடுகளில் ஒளித்து வைப்போம் என்று குடும்பங்கள் முன்வந்தன. திட்டம் கைவிடப்பட்டது. எனினும், 1948 போரில் வீடிழந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனரும் அவர்கள் சந்ததியினரும் பற்றிய கேள்வி தீராமல் நிற்கிறது. மனித உரிமைகளுக்கான ரபிகள் போன்ற அமைப்புகள் பாலஸ்தீனரின் ஒலிவத் தோப்புகளில் அறுவடைக்குத் துணை நின்று, தோராவின் கட்டளை இங்கேயும் செல்லும் என்கின்றன. இஸ்ரேலியச் சமூகத்தில் அவர்கள் சிறுபான்மை.

அமெரிக்காவில் 2025 ஜனவரி 20 அன்று, டிரம்ப் மீண்டும் பதவியேற்ற நாளிலேயே, அகதிகளை ஏற்கும் திட்டம் நிறுத்தப்பட்டது. ஹையாஸும் கிறித்தவ அமைப்புகளும் சியாட்டில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. முதலில் கிடைத்த தடையாணையின் பெரும்பகுதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 நிதியாண்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் அகதிகள் வந்த நாட்டில், 2026 நிதியாண்டுக்கான உச்சவரம்பு 7,500 ஆகக் குறைக்கப்பட்டது. அதிலும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் வெள்ளையரான ஆஃப்ரிகானர்களுக்கு. அரசு நிதி நின்றதால் சங்கங்கள் ஊழியர்களைக் குறைக்க நேர்ந்தது. புதியவர்களை வரவேற்க வழியில்லாத சபைகளின் தொண்டர்கள், ஏற்கெனவே வந்து சேர்ந்த குடும்பங்களின் வாடகைக்கும் வழக்குச் செலவுக்கும் பணம் திரட்டுகிறார்கள். குடியேற்ற நீதிமன்ற விசாரணைக்கு அவர்களோடு கூடப் போகிறார்கள்.